நிற்காத பேனா

என் அக்காவிடம் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், துணி தைக்கிறேன் என்பாள். முன்னறையில் ஜன்னலோரம் தையல் மெஷின், அதற்குப் பக்கத்தில் துணி வெட்டும் பலகை, ஜிப் போன பேன்ட்டுகளும் பள்ளிச் சீருடைகளும் ஒரு குவியலாக. பார்க்கிறவர்கள் நம்பிவிடுவார்கள். ஆனால் அவள் மனசுக்குள் தன்னை வேறு மாதிரி வைத்திருந்தாள். அவள் எழுதுகிறவள். கதை கவிதை இல்லை. பார்வை இல்லாதவர்கள் தேர்வுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதிக் கொடுக்கிறவள். அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனாலும் தேர்வு இருக்கிற நாளில் அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்கிற விதமே வேறு.

நான் அவளுக்கு நேர் இளையவள். மாடி வீட்டில் குடியிருக்கிறேன். அவள் வீட்டில் கால்வாசி நேரம், என் வீட்டில் முக்கால்வாசி நேரம் என்று என் புருஷன் நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மை நேர்மாறு.

சின்ன வயதில் அவளுக்குக் கணக்கு என்றால் உயிர். மற்ற பிள்ளைகள் மிட்டாய் வைத்துக்கொண்டு சப்புகிற மாதிரி அவள் ஒரு கணக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் திரிவாள். கல்லூரியில் கணிதம்தான் எடுத்தாள். இரண்டாவது வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். தான் கண்மூடுவதற்குள் ஒருத்தியையாவது கரை சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். கரை சேர்க்க அவளென்ன தண்ணீரிலா கிடந்தாள்? நன்றாகத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. கல்யாணத்துக்கு அப்புறம் கல்லூரிப் பக்கம் அவள் போகவே இல்லை. அத்தானைக் குறை சொல்ல முடியாது. சொல்ல எனக்கு ஆசைதான், விஷயம் கிடைப்பதில்லை. நல்ல மனுஷர், காலையில் போய் சாயங்காலம் வருவார், சட்டைப் பையில் மீந்த சில்லறையை மேஜைமேல் வைப்பார். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

பார்வையற்றோர் சங்கத்தில் எழுதுகிறவர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தபோது அதை அவளிடம் கொண்டு வந்ததே அத்தான்தான். அதில் ஒரு விதி இருந்தது. எழுதிக் கொடுக்கிறவர் அந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. பாடம் தெரிந்தவர் எழுதினால் யார் எழுதிய தேர்வு என்று ஆகிவிடும் அல்லவா. அக்காவின் சான்றிதழ்ப்படி அவள் பள்ளிப் படிப்போடு நின்றவள். பாதியில் விட்ட கல்லூரிக்குத் தாள் ஏது? முடிக்காத படிப்புக்கு முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்தது. எந்தப் பாடத்துக்கும் எழுதலாம் என்று சேர்த்துக்கொண்டார்கள்.

அங்கேதான் ஹலோவைப் பார்த்தாள். அவனுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர் என்பதாலும், வீட்டுக்குள் நுழையும்போதே ‘ஹலோ, யாரு இருக்கீங்க?’ என்று கேட்பதாலும் எங்கள் வீட்டில் அவன் ஹலோ. முப்பதைத் தாண்டியவன். கல்லூரி வயதில் வந்த ஒரு காய்ச்சல் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் எந்த டாக்டருக்கு எந்த எண், எந்த வார்டில் யார் டியூட்டி, எல்லாம் அவனுக்கு நாக்கு நுனியில். ஆனால் தற்காலிக வேலை. அந்த வருஷத்துக்குள் கணிதம் உள்ள ஒரு பட்டயத் தேர்வில் தேறினால் நிரந்தரம், இல்லாவிட்டால் அந்த நாற்காலி வேறு ஆளுக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. டெலிபோனுக்கும் அல்ஜீப்ராவுக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டேன். நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கும் என்று சிரித்தான். வேலை போனால் அண்ணன் வீட்டு மூலையில் ஒரு கட்டில், வேளாவேளைக்குத் தட்டு. அவ்வளவுதான் அவன் மிச்ச வாழ்க்கை.

ஒருநாள் அவன் சொன்னது எனக்கு மறக்கவில்லை. “அந்த ஸ்விட்ச்போர்டு ரூம்ல மட்டுந்தாங்கா எனக்குக் கண்ணு வேணும்னே தோணல.”

விடுமுறை நாட்களில் அக்கா வீட்டு முன்னறையில் பயிற்சி நடக்கும். அவன் வெட்டும் பலகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்வான், இவள் இந்தப் பக்கம் எழுதுவாள். காகிதத்துக்கு அடியில் பலகை என்பதால் பேனா கரகரவென்று கேட்கும். நான் காய் நறுக்கிக்கொண்டு வாசற்படியில் இருப்பேன். அக்கா அவனிடம் கணக்கு தெரியாதவளாகவே இருந்தாள். விதி அப்படி. அவளுக்குத் தெரியும் என்று தெரிந்தால் அவன் கேட்பான், கேட்டால் இவள் சொல்லிவிடுவாள், பிறகு அவளால் தேர்வு அறையில் உட்கார முடியாது. எனக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்று கட்டளை. என் வாயைக் கட்டிப்போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று என் வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவனுக்காக அவள் ஒரு எண்கோடு தைத்தாள். நீளமான காடாத் துணிப் பட்டையில் சம இடைவெளிக்கு ஒரு முடிச்சு. விடையில் சேருகிற எண் இருந்தால் அங்கே குத்திக்கொள்ளத் தட்டையான பொத்தான், சேராத எண்ணுக்கு நடுவில் ஓட்டையுள்ள வளையம். தாளில் போடும் நிரப்பிய வட்டமும் வெறும் வட்டமும் அவன் விரலுக்கு இப்படி ஆயிற்று. அவன் விளக்கியதைக் கேட்டுத் தைத்த மாதிரி பாவனை. “உள்ள சேர்ற நம்பர்னா என்ன தம்பி?” என்று முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள் பாருங்கள், நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்ச் சிரித்தேன்.

எல்லாக் கணக்கும் அவனுக்கு வந்தது. ஒரு வகையில் மட்டும் சறுக்குவான். அசமன்பாடு என்று பெயர். கேட்டுக் கேட்டு எனக்கே பாதி புரிந்துவிட்டது. சாதாரணக் கணக்கு எக்ஸ் எவ்வளவு என்று கேட்கும். இது, எக்ஸ் எங்கெங்கே இருந்தால் இந்தப் பக்கம் பெரியதாக இருக்கும் என்று கேட்கும். அதில் எக்ஸ் கோட்டுக்குக் கீழேயும் இருந்தால் வம்புதான். மேலே இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே எக்ஸ் கழித்தல் மூன்று, இது ஒன்றைவிடப் பெரியது அல்லது சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பதை அந்தப் பக்கம் பெருக்கித் தள்ளிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். தள்ளக் கூடாது. கீழே இருப்பது ப்ளஸ்ஸா மைனஸா என்று நமக்குத் தெரியாது. மைனஸாக இருந்தால், பெருக்கின மாத்திரத்தில் பெரியது சிறியதாகிவிடும். அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொண்டுவந்து, எண்கோட்டைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு எண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். கீழே பூஜ்யமாகிற இடத்தை விடையில் சேர்க்கவே கூடாது.

ஹலோ அவசரக்காரன். டெலிபோனில் ஒரு ஆள் பேசி முடிப்பதற்குள் இணைப்பைக் கொடுத்துப் பழகியவன். “கீழ இருக்கறத அந்தப் பக்கம் பெருக்குறேங்கா” என்பான். அக்காவின் பேனா நிற்கும். அவள் வேண்டுமென்று நிறுத்தவில்லை. சாப்பாட்டில் கல் தட்டுப்பட்டால் பல் நிற்காதா, அந்த மாதிரி. மறு விநாடி அவனே, “இல்ல இல்ல, அடிச்சிடுங்க. ஒண்ணை இந்தப் பக்கம் கொண்டு வரேன்” என்பான். பேனா மறுபடி ஓடும். அவன் போன பிறகு அக்கா என்னிடம் பெருமைப்படுவாள். “பாத்தியா, வாய் அவசரப்படுது, புத்தி உடனே புடிச்சிக்குது. தேறிடுவான்.”

அவள் மனசார அப்படித்தான் நம்பினாள். நானும் நம்பினேன்.

தேர்வில் இரண்டு கணிதத் தாள். முதல் தாள் அன்று இவர்களுக்குத் தனி அறை, அங்கே ஒரு கண்காணிப்பாளர். ஓய்வு பெறப் போகிற வயது, சதா இருமல் மிட்டாய் வாயில். தேர்வு முடிந்து ஹலோவை அண்ணன் வந்து கூட்டிப் போனதும் அவர் அக்காவை நிறுத்தினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள்.

“அம்மா, எழுதறப்ப நீங்க நடுவுல நிக்கிறீங்க. நீங்க நின்னா அவர் அடிச்சிட்டு மாத்துறார். இன்னைக்கு நான் ரிப்போர்ட் ஒண்ணும் எழுதல. அடுத்த தாள்ல நின்னீங்கன்னா எழுதி அனுப்பித்தான் ஆகணும். அவர் தாளே ரத்தாயிடும்.”

அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முகம் கறுத்துக் கிடந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள், ஒரு எழுத்து கூட்டிப் போட்டதில்லை. அந்தக் கண்காணிப்பாளர் தவறாகச் சொல்கிறார், ஹலோ தானாகத்தான் திருத்திக்கொள்கிறான், தன் கை நிற்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று அவள் சாதித்தாள். சம்பந்தம் இல்லையென்றால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடேன் என்றேன். மாட்டேன் என்றாள். “சொன்னா பயந்துடுவான். கணக்கைப் பாக்காம என் கையவே நெனச்சிட்டு இருப்பான். நான் நிக்காம எழுதிட்டாப் போச்சு. அவன் அவன் பாட்டுக்குத் திருத்திப்பான்.”

அந்த வாரம் முழுவதும் நிற்காமல் எழுதப் பழகினாள். பழக்கினது நான். தவறான கணக்காகச் சொல்லச் சொன்னாள். எனக்குச் சொல்லித் தரவா வேண்டும், வாயில் வருவதெல்லாம் தவறான கணக்குதான். ஏழும் எட்டும் பதினாறு என்றேன், எழுதினாள். ஒன்பதை மூன்றால் வகுத்தால் நான்கு என்றேன், எழுதினாள். முதல் நாள் ஒவ்வொன்றுக்கும் கை தயங்கியது, தன் கையைத் தானே அடித்துக்கொண்டாள். அப்புறம் ஹலோவின் பழைய தாள்களை எடுத்துக் கொடுத்து, அவன் அடிக்கச் சொன்ன வரிகளைப் படிக்கச் சொன்னாள். கீழே இருப்பதை அந்தப் பக்கம் பெருக்குகிறேன் என்று அவன் மாதிரியே வேகமாகச் சொன்னேன். வார முடிவில் அவள் பேனா மழைபோல் ஓடியது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். அத்தான் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கழன்றுவிட்டதா என்று கேட்டார். நன்றாகச் செய்ய வேண்டும் என்று நினைத்துத்தான் செய்தாள். அதுதான் தாங்கவில்லை.

இரண்டாவது தாளைப் பற்றி அவள் பிற்பாடு சொல்லித்தான் தெரியும். கேள்வித்தாளைக் கண்காணிப்பாளர் படிக்க, ஹலோ கேட்டுக்கொண்டான். பெரிய கேள்வியாக வந்தது அதேதான். மேலே இரண்டு எக்ஸ் கூட்டல் ஒன்று, கீழே எக்ஸ் கழித்தல் மூன்று, ஒன்றைவிடப் பெரியது அல்லது சமம். இவளுக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. வீட்டில் எத்தனை முறை போட்ட வகை, இந்த மதிப்பெண் வந்துவிட்டது என்று நினைத்தாளாம்.

அவன் கேள்வியை அப்படியே எழுதச் சொன்னான். பிறகு, “கீழ இருக்கறத அந்தப் பக்கம் பெருக்குறேங்கா” என்றான்.

பேனா நிற்கவில்லை. கரகரவென்று ஓடி, வரியை முடித்தது. அவன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். இப்போது திருத்துவான் என்று இவள் காத்திருந்தாள். அவன் அடுத்த வரியைச் சொன்னான். இதற்குப் பிறகு திருத்துவான் என்று காத்திருந்தாள். எக்ஸ் மைனஸ் நான்கைவிடப் பெரியது அல்லது சமம் என்று விடை சொன்னான். அதையும் எழுதினாள். கண்காணிப்பாளர் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியபடி அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

“எண்கோடு போடுங்க. மைனஸ் நாலுல நிரப்பின வட்டம். அங்கேர்ந்து வலது பக்கமா அம்பு.”

போட்டாள். மைனஸ் நான்கில் வட்டத்தை நிரப்பினாள். இடது பக்கம் இருக்க வேண்டிய எண்களையெல்லாம் வெளியே விட்டுவிட்டு, உள்ளே வரவே கூடாத எண்களை வரவேற்றுக்கொண்டு அம்பு வலது பக்கம் போயிற்று. மூன்றைக் கடந்தபோது, கீழே பூஜ்யமாகிற அந்த இடத்தில், ஒரு வெறும் வட்டமாவது போட்டுவிட மாட்டோமா என்று அவளுக்குக் கை பரபரத்ததாம். நேராக, அழகாக, கோணல் இல்லாமல் இழுத்துக்கொண்டு போனாள்.

“ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கக்கா.”

படித்தாள். குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல், ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும்.

“சரி. அடுத்தது” என்றான் அவன்.

முடிவு வந்தது. முதல் தாளில் நன்றாகத் தேறியிருந்தான். இரண்டாவதில் போய்விட்டது. அந்த ஒரு கேள்வி கிடைத்திருந்தால் தேறியிருப்பான். அக்கா அன்றைக்குச் சமைக்கவில்லை. நான் கொண்டுபோன சாப்பாட்டை அத்தான் மட்டும் சாப்பிட்டார், அவரும் பாதியில் எழுந்துவிட்டார். அவள் எண்கோட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு முடிச்சு முடிச்சாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றாள். எனக்குக் கணக்கு தெரியும், நான் நின்றதைக் கண்டுபிடித்தார்கள், அதனால்தான் நிற்காமல் எழுதினேன், மன்னித்துவிடு என்று சொல்லிவிட்டால்தான் மூச்சு விட முடியும் என்றாள். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

ஸ்விட்ச்போர்டு அறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், படியேறிப் போக வேண்டும். ஜன்னல் கிடையாது, ஒரு மின்விசிறி, வரிசையாகப் பொத்தான்கள் வைத்த பெட்டி. அவன் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு புதுப் பெண் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். அவனுக்குப் பதிலாக வரப்போகிறவள். அவளுக்கு அவன்தான் வேலை கற்றுக் கொடுக்கிறான். பிரசவ வார்டிலிருந்து அழைப்பு வந்தால் காத்திருக்கச் சொல்லவே கூடாது என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்கு அந்த நிர்வாகத்தை நிற்க வைத்துக் கேட்க வேண்டும் போல இருந்தது. எங்கள் காலடி கேட்டதும் ஹலோ என்றான். புதுப் பெண்ணை டீ குடித்துவிட்டு வா என்று அனுப்பினான்.

அக்கா பேச வாயெடுத்தாள். அவன் முந்திக்கொண்டான்.

“ஒண்ணு கேக்கணுங்கா. கண்ணு இருக்கறவங்க எழுதினதைப் பாத்துக்குவாங்க. எனக்கு உங்க பேனா சத்தந்தான். வீட்ல நான் தப்பாப் போனா அது நிக்கும். நின்னா உடனே மாத்திப்பேன். அன்னைக்கு அது நிக்கவே இல்லயே. அதான் சரியாத்தான் போறேன்னு நெனச்சிட்டேன்.”

குற்றம் சொல்கிற குரல் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். அக்கா என் கையைப் பிடித்தாள், பிடி வலித்தது. இத்தனை நாள் தன் புத்தியால் திருத்தினான் என்று அவள் பெருமைப்பட்ட ஒவ்வொரு கணக்கும் அந்த நிமிஷத்தில் அவள் மடியில் வந்து விழுந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அவள் உண்மையைச் சொன்னால், அவனுடைய முதல் தாளும் அவனுடையதில்லை என்று ஆகிவிடும். வேலை போய்விட்டது. மிச்சம் இருப்பது அந்த ஒரு தாள்தான்.

“எனக்குக் கணக்கு தெரியாதே தம்பி” என்றாள் அக்கா. “கை வலிச்சா நிப்பேன். அவ்வளவுதான்.”

வாழ்க்கையில் அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதை இல்லையென்று சொல்லும்போது குரல் கொஞ்சம்கூட அசையவில்லை. அதற்கும் பழகியிருந்தாள்.

அவன் யோசித்தான். பிறகு சிரித்தான், முதல் தடவையாக நிதானமாக.

“அப்படியா? நாந்தான் என்னமோ கற்பனை பண்ணியிருக்கேன். அப்ப முதல் தாள்ல திருத்தினதெல்லாம் நானேதான் திருத்தியிருக்கேன்.”

“நீயேதான் தம்பி.”

பெட்டியில் விளக்கு எரிந்து மணி அடித்தது. அவன் கை நீட்டிப் பொத்தானைத் தடவி அழுத்தி, ஹலோ என்றான். நாங்கள் வெளியே வந்தோம். அக்கா படியில் இரண்டு மூன்று எட்டு இறங்கி, அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேலே ஏறி வருகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“நம்பிட்டான்ல?” என்று கேட்டாள்.

“நம்பிட்டான்” என்றேன்.

அப்புறம்தான் அழுதாள்.